உலகம்மாளைக் காணவில்லை

“தொலைஞ்சது ஒம்ம அம்மையா, குடையா வே?” என்று கேட்டார் முத்துமாலை, டேப்பை நிறுத்திவிட்டு.

சிவசைலம் மைக்கின் முன்னால் நிமிர்ந்து நின்று, “அன்புத் தாயே! தாங்கள் எங்கிருந்தாலும்…” என்று மறுபடியும் ஆரம்பித்தார்.

“நிறுத்தும். ராஜா வேஷம் கட்டிட்டுச் சபைக்கு வார மாதிரி இருக்கு. பெத்த தாயை எவனாச்சும் ‘தாங்கள்’ம்பானா?”

தச்சநல்லூரிலிருந்து சைக்கிளில் வந்து, திருநெல்வேலி டவுனில் முத்துமாலையின் மைக் செட்டுக்கு விளம்பரம் வாசிப்பதுதான் சிவசைலத்தின் பிழைப்பு. கணீரென்ற குரல். கணீர் மட்டும்தான். பல்பொடி விளம்பரத்தைக்கூடப் பட்டாபிஷேகம் போல அறிவிப்பார். ஊரும் பழகிவிட்டது, அவர் பேசினால் யாரும் கேட்பதில்லை.

அதில்தான் ரத வீதி ஜவுளிக்கடைக்காரர் குற்றாலலிங்கத்துக்கு வருத்தம். மறுநாள் ஆனித் தேரோட்டம். நாங்குநேரியிலிருந்தும் அம்பாசமுத்திரத்திலிருந்தும் சனம் வந்து குவியும். அவர் ஒரு யோசனை சொல்லியிருந்தார்.

“விளம்பரம்னா சனம் காதைப் பொத்திக்கிடும் வே. ஆளைக் காணோம்னு சொன்னா நின்னு கேக்கும். உலகம்மான்னு ஒரு பொம்பளையக் காணோம், பச்சைச் சேலை உடுத்திருக்கா, மகன் நம்ம கடை வாசல்ல காத்திருக்கான்னு போடும். கடை பேரு காதுல விழுந்துரும்லா?”

“அப்படி ஒருத்தி இல்லையே அண்ணாச்சி?” என்று சிவசைலம் கேட்டதற்கு, “நீரு வாசிச்ச பல்பொடியில பல்லு வெளுத்தவனைக் காட்டும், பாப்போம்” என்று வாயை அடைத்துவிட்டார்.

ஆனால் குரலில் பதற்றம் வரவேண்டுமே! மெதுவாகச் சொன்னால் தூக்கம் வந்தது. வேகமாகச் சொன்னால் பஸ் கண்டக்டர் வந்தார். அழுதுகொண்டே சொன்னார், சளி பிடித்த மாதிரி இருந்தது.

முத்துமாலை டெலிபோனைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார். “இன்னும் ஒரே ஒரு தடவை. வரலைன்னா விளம்பரம் வாசிக்க நேசையாவைக் கூப்பிடுதேன். நாளையிலருந்து எல்லாத்தையும் அவரே பேசட்டும்.”

வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது? மூத்தவளைக் காலேஜில் சேர்த்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. சிவசைலம் மைக்கைப் பார்த்தார். என்ன பேசுகிறோம் என்று தெரியாமலே பேசினார்.

“எம்மா… உலகம்மா… நீ எங்கம்மா இருக்க? பச்சைச் சேலைதான உடுத்திட்டு வந்த? குற்றாலலிங்கம் ஜவுளிக்கடை வாசல்லதான் நிக்கேன். பயமா இருக்கும்மா. வந்துரும்மா.”

பயமா இருக்கு என்பது எழுதிக் கொடுத்ததிலேயே இல்லை.

முத்துமாலை துண்டால் மூக்கைத் துடைத்தார். “இம்புட்டு நாளும் இந்தக் குரலை எங்கவே வச்சிருந்தீரு?”

மறுநாள் காலையிலிருந்தே அந்தக் கேசட் ஓடியது. தேர் நிலையை விட்டு நகர்வதற்குள் கடை வாசலில் கூட்டம் நெரிந்தது. குற்றாலலிங்கம் கல்லாவிலிருந்தபடி சிவசைலத்தைப் பார்த்துத் தலையாட்டினார். வாசலிலேயே பந்தல் போட்டு மைக் வைத்திருந்ததால், சிவசைலமும் நாலு பேர் பார்க்கும்படி உட்கார்ந்திருந்தார்.

முதலில் ஒரு பூக்காரி வந்தாள். “நீருதான் அந்த மகனா? அம்மை வந்துட்டாளா?”

“இன்னும் இல்ல” என்றார் சிவசைலம். வேறென்ன சொல்வது?

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் நாலு பேரிடம் சொன்னாள். நீர்மோர்ப் பந்தல் இளவட்டங்கள் செம்பைப் போட்டுவிட்டுத் தேடக் கிளம்பினார்கள். சற்று நேரத்தில் பச்சைச் சேலை உடுத்திய ஒரு பெண்மணி, “நான் பாளையங்கோட்டையில டீச்சர் வேலை பாக்கேன்! எனக்குப் பிள்ளையே கிடையாது!” என்று கத்தக் கத்த அழைத்து வரப்பட்டார். அவர் போவதற்குள் இன்னும் இரண்டு பச்சைச் சேலைகள் வந்து சேர்ந்தன.

பின்னாலேயே சப்-இன்ஸ்பெக்டர் வந்தார்.

“அம்மா போட்டோ இருக்கா?”

“இ… இல்ல சார்.”

“பெத்தவ போட்டோ ஒண்ணு வச்சிக்கிட மாட்டீராவே? தேர்ப் பாதுகாப்புக்கு வந்த போலீசுல பாதிப் பேரு ஒம்ம அம்மையத்தான் தேடுதான்!”

அவர் தலை மறைந்ததும் சிவசைலம் ஓடிப்போய் முத்துமாலையின் கையைப் பிடித்துக்கொண்டார். “அண்ணாச்சி, கேசட்டை நிப்பாட்டுங்க. நெஞ்சு படபடங்கு.”

நிப்பாட்டினார்கள். அதுதான் வினையாயிற்று. கூப்பிட்டுக்கொண்டே இருந்த மகன் திடீரென்று வாயை மூடினால் ஊர் என்ன நினைக்கும்? குறுக்குத்துறைப் படித்துறையில் ஒரு பச்சைச் சேலை மிதக்கிறது என்று வாகையடி முக்கில் எவனோ சொன்னான். அந்தச் செய்தி கடை வாசலுக்கு வருவதற்குள் சேலைக்குள் ஆளும் இருந்தது. இரண்டு பெண்கள் சிவசைலத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியே வைத்துவிட்டார்கள்.

குற்றாலலிங்கம் கல்லாவை விட்டு இறங்கி வந்தார். “என்னவே இது! சேலை எடுக்க வந்தவ எல்லாம் துக்கம் விசாரிச்சிட்டுப் போறா! அம்மா கிடைச்சிட்டான்னு சொல்லித் தொலையும்!”

சிவசைலம் மைக்கைப் பிடித்தார். பயத்தில் பழைய குரல் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

“பெருமக்களே! அன்னை உலகம்மாள் அவர்கள் கிடைத்துவிட்டார் என்பதைப் பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்!”

ஒருவரும் நம்பவில்லை. “பாவம், தன்னைத்தானே தேத்திக்கிடுதான்” என்றாள் பூக்காரி. “புத்தி பேதலிச்சிட்டு போல” என்றார் இன்னொருவர். யாரோ ஒரு சோடாவை உடைத்து அவர் வாயில் ஊற்றினார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தார். இந்த முறை முகத்தில் இரக்கம் இல்லை. “கிடைச்சாச்சா? எங்க, காட்டும்.”

“உள்ள… கொஞ்சம் படுத்திருக்காவ சார்.”

“எழுப்பிக் கூட்டிட்டு வாரும். கண்ணால பாத்துட்டுத்தான் தேடுத ஆளுகளை நிப்பாட்டுவேன். பொய்ச் சேதின்னு தெரிஞ்சுது, நீரு, மைக் செட்டுக்காரரு, கடைக்காரரு மூணு பேரும் ஸ்டேஷனுக்கு வரணும்.”

முத்துமாலை, வாகையடி முக்கில் ஒரு ஒயர் விட்டுப்போனதாகச் சொல்லிக் கூட்டத்தில் கரைந்தார். குற்றாலலிங்கத்துக்குச் சரக்குக் கிட்டங்கியில் அவசரமாக ஒரு வேலை வந்தது. சிவசைலம் மட்டும் நின்றார். மூத்தவள் காலேஜுக்குப் போலீஸ் ஸ்டேஷன் வழியாகத்தான் போவாள் என்பது அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது.

“ஏலே ஐயா!”

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். அறுபதை ஒட்டிய வயது. சாயம் போன மஞ்சள் சேலை, கையில் ஒரு துணிப்பை. நேரே வந்து சிவசைலத்தின் கன்னத்தைத் தொட்டாள்.

“எம்புட்டுக் கூப்பிட்டுட்ட! தொண்டை கட்டிப்போச்சே!”

சிவசைலம் யோசிக்கவே இல்லை. “அம்மா!” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

சப்-இன்ஸ்பெக்டர் அவளை மேலும் கீழும் பார்த்தார். “பச்சைச் சேலைன்னாங்க?”

“சேலையப் பாத்தா ஐயா பெத்தவள அடையாளம் கண்டுபிடிப்பாக?”

கூட்டம் சிரித்தது.

“நீங்கதான உலகம்மா?”

“இம்புட்டுத் தூரம் கூப்பிட்டும் வேற எவளும் வரலயே. நாந்தான வந்திருக்கேன்?”

“இவரு ஒங்க மகனா?”

அவள் சிவசைலத்தை ஒரு பார்வை பார்த்தாள். “பெத்தவளத் தேடுதவன்தான ஐயா மகன்?”

பூக்காரி ஓவென்று அழுதுவிட்டாள். சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். “இனிமே கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவும் வே” என்று சொல்லிவிட்டுத் தேரைப் பார்க்கப் போனார். கூட்டமும் கலைந்தது.

சிவசைலத்துக்கு உயிர் வந்தது. அவளைக் கடைக்குப் பின்னால் அழைத்துப்போய் பெஞ்சில் உட்கார வைத்து, டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தார். அவள் வடையை அவசரமில்லாமல், ஒரு துணுக்குக்கூடச் சிந்தாமல் தின்றாள். அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இருபது வருஷமாக மைக் பிடிக்கிறோம், ஒரு வார்த்தை இப்படி வருமா? போலீஸ் கேட்கக் கேட்க, என்ன நிதானம்! எது இழுக்க வேண்டும், எது விட வேண்டும் என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்து கேட்டார். “நீங்க எந்த நாடகக் கம்பெனிம்மா? குற்றாலலிங்கம் அண்ணாச்சிதான அனுப்புனாரு? எப்படிம்மா இவ்வளவு இயல்பா நடிக்கிய?”

அவள் டீத் தம்ளரைக் கீழே வைத்தாள். வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, அவர் சட்டைக் கையை மெல்ல இழுத்தாள்.

“இங்கன நில்லும்மா, இப்ப வாரேன்னு எம் மகன் விட்டுட்டுப் போனது போன வருசத் தேருக்கு, அந்த உலகம்மா வாரதுக்குள்ள என்னைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரு ஐயா.”