கமர்கட்டில் கிடைத்த கடைவாய்ப் பல்

இன்ஸ்பெக்டரின் ஜீப் சத்தம் கேட்டபோது ஏட்டு எபினேசரின் வாயில் முழுசாக ஒரு கமர்கட் இருந்தது.

திருட்டு நடந்த இடத்தில் எதையும் தொடக் கூடாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. இருபத்தைந்து வருஷ சர்வீஸில் தொடாதவர்தான். ஆனால் காலையில் நாஷ்டாகூட ஆகாமல் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஓடிவந்து, மொஹசின் பாயின் மோட்டார் ரீவைண்டிங் பட்டறையில், ராத்திரியே காணாமல் போய்விட்ட செப்புக் கம்பிச் சுருள்களுக்கு ஒன்றரை மணி நேரம் காவல் நின்றால் எந்த மனிதனுக்கும் பசிக்கும். மேசைமேல் ஒரு ஜாடி நிறைய கமர்கட். மொஹசின் பாய் சிகரெட்டை விட்டதிலிருந்து வாய்க்கு வேலை கொடுக்க வாங்கி வைத்தது. ஒன்று குறைந்தால் எந்தக் கோர்ட் கேட்கப் போகிறது என்று எடுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஏட்டையா, பாத்து! அது போன வருசத்து சரக்கு. எங்க ஓனரே சப்புவாரு, கடிக்க மாட்டாரு” என்றார் வாட்ச்மேன் முனுசாமி.

சொல்லும்போதே ஏட்டு கடித்திருந்தார். மேல்தாடையும் கீழ்தாடையும் ஒட்டிக்கொண்டன. ஜீப் வாசலில் நின்றது. சல்யூட் அடிக்கும்போது ‘ஐயா’ என்று சொல்ல வாய் திறந்தாக வேண்டும். எபினேசர் பலம் கொண்ட மட்டும் ஒரு கடி கடித்தார். உள்ளே ‘டக்’ என்று ஏதோ உடைந்தது. வலி காது வழியாக உச்சந்தலைக்குப் போனது. திருடன் கம்பியை வளைத்து வைத்திருந்த ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் வெளியே துப்பிவிட்டு அட்டென்ஷனில் நின்றார்.

நாக்கால் தடவிப் பார்த்தார். இடது கடைவாயில் பாதிப் பல்லைக் காணோம்.

இன்ஸ்பெக்டர் சஹாபுதீன் இளைஞர். போன மாதம்தான் சென்னையில் டி.என்.ஏ. பயிற்சி முடித்துவிட்டு வந்திருந்தார். அன்றிலிருந்து ஸ்டேஷனில் டீ கிளாஸைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். அவர் பட்டறையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே போய்க் குனிந்தார்.

“ஏட்டு! இங்க ஓடி வாங்க!”

இடுக்கியின் நுனியில் பாதி மென்ற ஒரு கமர்கட். அதில், பலாச்சுளைக்குள் கொட்டை மாதிரி, ஒரு கடைவாய்ப் பல்.

“திருடன் விலாசத்தையே எழுதி வச்சிட்டுப் போயிருக்கான், பாருங்க!” இன்ஸ்பெக்டர் இடுக்கியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். “பல்லுன்னா சும்மா இல்ல, ஏட்டு. மேல பீங்கான் மாதிரி ஓடு. உள்ள கூழ் இருக்கும். தீயில போட்டாலும், தண்ணியில போட்டாலும் அந்தக் கூழ் பத்திரமா இருக்கும். அதுல ஆளோட ஜாதகமே இருக்கு. இனிமே எவன் வாயையாவது தொறந்து, குச்சியால கன்னத்தைத் தேய்ச்சு, ரெண்டையும் ஒப்பிட்டா முடிஞ்சுது.”

அப்போதே சொல்லியிருக்கலாம். ‘ஐயா, மன்னிச்சிருங்க, பசியில ஒண்ணு துண்ணுட்டேன்’ என்றால் நாலு திட்டோடு போயிருக்கும். ஆனால் இன்னும் இரண்டே மாதத்தில் எஸ்.எஸ்.ஐ. பதவி உயர்வுப் பட்டியல் வருகிறது. கறுப்புப் புள்ளி இல்லாத ஏட்டுகளுக்குத் தோளில் நட்சத்திரம். அவர் மனைவி விக்டோரியா, சர்ச்சில் அத்தனை பேரிடமும் சொல்லியும் விட்டாள். தடயத்தைத் தின்ற போலீஸ்காரன் என்று பேர் வாங்கினால் நட்சத்திரத்தை வானத்தில்தான் பார்க்க வேண்டும். எபினேசர் வாயை மூடிக்கொண்டார். மூடினாலும் வலித்தது.

மறுநாள் கன்னம் வீங்கிவிட்டது. பல்வலி என்றால் சந்தேகம் வரும். மஃப்ளரைத் தாடையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார்.

“இன்னா ஆச்சு ஏட்டு?”

“பொன்னுக்கு வீங்கி, ஐயா.”

“ஐயோ, அது ஒட்டுமே! மொதல்ல கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போங்க!”

போகாமல் இருக்க முடியவில்லை. இன்ஸ்பெக்டர் ஜீப்பிலேயே ஏற்றி அனுப்பிவிட்டார். அங்கே நர்ஸ் ஆரோக்கியமேரி மஃப்ளரை அவிழ்த்த வேகத்தில் பொன்னுக்கு வீங்கி பறந்துபோனது. பல் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

“பாதிப் பல்லு உடைஞ்சிருக்கே. மீதி எங்க?”

“தெ... தெரியலீங்க.”

“முழுங்கியிருப்பீங்க. பயப்படாதீங்க, போற வழியில போயிடும். இருக்கிறதையும் எடுத்துடலாமா?”

எடுத்தால் அதுவும் ஒரு சாட்சி! எபினேசர் நாற்காலியிலிருந்து குதித்து ஓடிவந்துவிட்டார். பாவம் டாக்டர், அவருக்கு என்ன தெரியும்? அந்தப் பாதிப் பல் முழுங்கப்படவில்லை, ஸ்டேஷன் பீரோவில் அரக்கு முத்திரையோடு இருக்கிறது என்பது இவருக்கல்லவா தெரியும்.

வீட்டுக்குப் போனால் அங்கே வேறு பேஜாரு. விக்டோரியாவின் தம்பி ஜெயராஜ் ‘நாலு நாள் இருந்துட்டுப் போறேன் மாமா’ என்று தன் லோடு ஆட்டோவோடு வந்து மூன்று மாதம் ஆகிறது. போலீஸ் குவார்ட்டர்ஸ் வாசலில் நிறுத்தினால் டயர்கூட திருடு போகாது என்று அவனுக்கு நிம்மதி. இரண்டு நாள் முன்பு நல்ல சவாரி கிடைத்ததாம். அக்காவுக்கு ஒரு புடவையும் மாமாவுக்கு ஒரு செல்போனும் வாங்கிக் கொடுத்திருந்தான். அதிலிருந்து விக்டோரியாவுக்குத் தம்பி தலையில் ஒளிவட்டம் தெரிந்தது.

“புள்ள நண்டு தொட மாட்டேங்குது, முறுக்கு தொட மாட்டேங்குது. கஞ்சியத் தவிர ஒண்ணும் எறங்கல. பொன்னேரிப் பொண்ணு ஊட்ல பதில் சொல்லாததுல மனசு ஒடஞ்சிட்டான்” என்று அவள் அங்கலாய்த்தாள்.

“எனக்கும் கஞ்சி போதும்” என்றார் எபினேசர்.

“உங்களுக்கு இன்னா, யாரு பொண்ணு குடுக்கல?”

மூன்றாம் நாள் இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். பொன்னுக்கு வீங்கி பொய் என்பதை ஆரோக்கியமேரி சொல்லிவிட்டிருந்தாள். பல்வலிக்கு லீவு கிடைக்காது என்று பயந்து சொன்னேன் ஐயா என்று எபினேசர் இரண்டாவது பொய் சொன்னார்.

“சரி, ஒக்காந்துக்கினே செய்யற வேலையா தரேன். இந்தப் பல்லைத் திருவள்ளூர் கோர்ட்ல காட்டி, லெட்டர் வாங்கிக்கினு, மெட்ராஸ் லேப்ல குடுத்துட்டு வாங்க.”

தன் பல்லைத் தானே தூக்குமேடைக்கு அழைத்துப்போகும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? திருவள்ளூரில் மின்சார ரயில் ஏறி வாசலோரம் நின்றார். ஆவடி தாண்டியதும் பொட்டலத்தை வெளியே விட்டெறிந்துவிடலாமா என்று கை இரண்டு தரம் நீண்டது. கோர்ட் முத்திரை வைத்த பொருளைத் தொலைத்தால் நட்சத்திரம் மட்டுமல்ல, தொப்பியும் போகும். பொட்டலத்தைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய்ச் சேர்த்தார்.

ஆய்வகத்து அம்மா கடிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். “சம்பவ இடத்துல இருந்தவங்க எல்லாருடைய மாதிரியும் வேணுமே. ஓனர், வாட்ச்மேன், இன்ஸ்பெக்டர்...” அவர் பார்வை வீங்கிய கன்னத்தில் நின்றது. “உங்களுதும்தான் ஏட்டையா.”

அடுத்த சனிக்கிழமை ஆரோக்கியமேரி மூன்று பேர் கன்னத்தைத் தேய்த்து மூன்று குப்பிகளில் போட்டாள். நான்காவது ஆள் வாயைத் திறக்கவே முடியவில்லை என்று சைகை காட்டினார்.

“ஊட்ல ஒத்தடம் குடுத்துட்டு, நானே தேச்சு எடுத்தாரேன் சிஸ்டர்.”

“வெறும் எச்சி வேணாம் ஏட்டையா. உள்கன்னத்த அழுத்தி இருபது தபா தேய்க்கணும். அந்தத் தோலுதான் கணக்கு” என்று சொல்லி, நாலு என்று எழுதிய குப்பியைக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். விக்டோரியா பக்கத்து வீட்டுக்கு ஜெபத்துக்குப் போயிருந்தாள். கூடத்தில் ஜெயராஜ் ஒரு கன்னத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டு, வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். எபினேசர் அந்த வாயைப் பார்த்தார். மூன்று மாதமாகத் தம் சம்பளத்தைத் தின்ற வாய். ஒரே ஒரு நாள் அதனால் நமக்கு உபகாரம் ஆகட்டுமே?

மெல்ல மண்டியிட்டுக் குச்சியை உள்ளே விட்டார். பதினொன்று, பன்னிரண்டு... பதின்மூன்றில் ஜெயராஜ் குச்சி ஐஸ் என்று நினைத்துச் சப்ப ஆரம்பித்தான். விட மாட்டேன் என்கிறான். அவன் மூக்கை ஒரு நிமிடம் பொத்திக் குச்சியை மீட்டு, மீதி ஏழையும் தேய்த்துக் குப்பியில் போட்டு மூடினார்.

“இன்னா மாமா?” என்று கண்ணைத் திறக்காமல் கேட்டான்.

“ஈ” என்றார் எபினேசர்.

அன்றிரவு அவர் பல்வலியையும் மீறித் தூங்கினார். இனிப் பல் யாரோடும் ஒத்துப்போகாது. கேஸ் கிடப்பில் விழும். நட்சத்திரம் வரும்.

ஆனால் இன்ஸ்பெக்டர் சும்மா இருக்கிற ஆளா? ரிசல்ட் வருவதற்குள் ஊரில் கடைவாய்ப் பல் இல்லாதவர்களைத் தேட ஆரம்பித்தார். சிப்காட்டில் இரும்புத் துண்டு பொறுக்கும் கிழவர் அரசப்பன் அகப்பட்டார். அவர் வாயில் மொத்தமே நாலு பல்.

“மீதிப் பல்லெல்லாம் எங்க?”

“எங்கெங்கியோ உய்ந்துது சாமி. எண்ணியா வெச்சிக்கினேன்?”

தினமும் காலையில் வந்து ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வேண்டும் என்று உத்தரவு. கிழவர் வந்து, உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்காருவார். எபினேசர் தினமும் அவருக்கு நாலு இட்லி வாங்கிக் கொடுத்தார். “நீ மகராசனா இருப்ப நைனா” என்று கிழவர் கையெடுத்துக் கும்பிடும்போதெல்லாம் ஏட்டுக்குப் பல்லைவிட நெஞ்சு வலித்தது. செய்த தப்பு அவருடையது, பெஞ்சில் உட்காருவது இன்னொருவர்.

ஏழாவது வாரம் ஒரே நாளில் இரண்டு கவர்கள் வந்தன. ஒன்று பதவி உயர்வுப் பட்டியல். எபினேசரின் பெயர் இருந்தது. மற்றது ஆய்வக அறிக்கை. இன்ஸ்பெக்டர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு அரசப்பனை உள்ளே அழைத்தார்.

“நம்ம நாலு பேருல யாரோடதும் இல்லன்னு வந்திருக்கும். அப்புறம் பெரியவரே, உங்க வாயைத்தான் தேய்க்கணும்.”

அரசப்பன் வாயைப் பொத்தியிருந்த கையை எடுத்தார். “நான் ஒரு பாவமும் அறியேன் சாமி...”

எபினேசரால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“ஐயா, அந்தக் கெழவன உட்ருங்க. அந்தப் பல்லு என்னுது.”

பசி, ஜாடி, கடி, ஜன்னல், மஃப்ளர் எல்லாவற்றையும் கொட்டினார். கண்ணில் தண்ணீர் வந்தது. ஏழு வாரத்தில் முதல் தடவையாக மனசு லேசாக இருந்தது. குப்பி விஷயத்தையும் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் இன்ஸ்பெக்டர் கவரைக் கிழித்துவிட்டார்.

“வாஸ்தவம்தான்” என்றார் அவர். “‘கமர்கட்டில் இருந்த பல்லும் நான்காம் எண் மாதிரியும் ஒரே நபருடையவை. சந்தேகத்துக்கு இடமில்லை.’ நான்காம் எண், ஏட்டு எபினேசர்.” காகிதத்தைக் கீழே வைத்தார். “நீங்களா ஒத்துக்கிட்டீங்க, அதனால கொஞ்சம் பாத்து எழுதறேன். பெரியவரே, நீங்க ஊட்டுக்குப் போங்க.”

அரசப்பன் நகரவில்லை. இட்லி வாங்கிக் கொடுத்த மனிதரைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எபினேசருக்கோ தலை சுற்றியது. நான்காம் குப்பியில் இருந்தது தம் எச்சிலே இல்லையே! தம் பல்லும் ஜெயராஜின் கன்னமும் எப்படி ஒரே ஆளாகும்? இத்தனை மாதம் ஒரே சட்டியில் குழம்பு தின்றால் இப்படி ஆகிவிடுமோ? இல்லை, இந்த டி.என்.ஏ. என்பதே வெறும் ஏமாற்று வேலையோ?

அப்போது ஜெயராஜ் வாங்கிக் கொடுத்த செல்போன் அவர் பையில் அலறியது. விக்டோரியாவுக்குப் போனில் பேசுவதும் சர்ச் மைக்கில் பேசுவதும் ஒன்று. அவள் குரல் இன்ஸ்பெக்டர் மேசை வரைக்கும் கணீரென்று கேட்டது.

“ஏங்க, சீக்கிரம் ஊட்டுக்கு வாங்க, எந்தம்பிய ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போவணும்! மூஞ்சி பன்னு மாரி வீங்கிக்கினு கெடக்குது. புள்ள இத்தினி நாளா ஏன் துண்ணலன்னு இப்பதாங்க சொல்றான்: ரெண்டு மாசத்துக்கு முன்னாடி சிப்காட்ல எங்கியோ லோடு ஏத்தப் போன எடத்துல, ஜாடியில இருந்த கமர்கட்டக் கடிச்சானாம், கடவாப் பல்லு அதோடயே பூட்ச்சாம்!”