கிணற்றடியில் தூக்கிய கைகள்

கவலைப்படுவதை ஒரு தொழிலாக எண்ணினால், நான் இளம் வயதிலேயே அதில் சேர்ந்துவிட்டேன். எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டதும் அதனால்தான். ஒன்பதாம் ஆண்டில் கணக்குப் படிப்பிக்கும் சேர் அடிப்பார் என்று கேள்விப்பட்டேன். (அவர் ஒருவரையும் அடித்ததில்லையாம். அது தெரியவந்தபோது நான் செங்கலடியில் அக்காவின் கணவர் கடையில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தேன்.)

அத்தானுடையது தண்ணீர் மோட்டார் விற்கும் கடை. கொழும்புக் கொம்பனி ஒன்றுக்கு எங்கள் பக்கத்து ஏஜென்ட் அவர்தான். அந்த ஏஜென்சியை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும் மாதம் பார்த்து, கொம்பனி இணையத்தில் ஓர் இடம் திறந்தது. மோட்டார் வாங்கியவர்கள், விற்கும் ஏஜென்ட்மார், கொம்பனி ஆட்கள் எல்லோரும் அங்கே ஒன்றாகக் கதைக்கலாம். பெயர் 'கிணற்றடி'. எந்த ஏஜென்டின் ஆட்கள் அங்கே கலகலப்பாக இருக்கிறார்கள் என்று கொழும்பில் பார்ப்பார்களாம்.

அத்தான் என்னைக் கூப்பிட்டார்.

"குகன், நம்மட ஆக்கள் எல்லாரையும் இதில சேத்து உடு. முதல்ல உன்னப் பத்தி ரெண்டு வரி எழுது. ஏஜென்சி இனி உன்ட கையிலதான் இரிக்கு."

அந்தக் கடைசி வரியைக் கேட்டபின் மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள், கண்ணில் பட்ட முதல் பெட்டிக்குள் எழுதினேன்: "வணக்கம். நான் நாவற்குடா குகன். எங்கள் வீட்டிலும் இந்த மோட்டார்தான். காலையில் போட்டால் கிரிகிரி என்று ஒரு சத்தம் வருகிறது. கொஞ்சம் பயமாக இருக்கிறது. மற்றப்படி எல்லோரும் நலம்." வெறும் வணக்கத்தோடு நிறுத்தினால் மரியாதையாக இராது என்றுதான் மோட்டாரைச் சேர்த்தேன்.

கீழே, தூக்கிய கை ஒன்றின் சின்னப் படம். பக்கத்தில் ஆங்கிலத்தில் ஏதோ இருந்தது. அதை நான் தொந்தரவு செய்யவில்லை. கை தூக்கினால் 'வந்திருக்கிறேன்' என்று அர்த்தம், வகுப்பில் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிடும்போது தூக்குவதுபோல. எட்டு வருடம் படித்தவனுக்கு இதுகூடத் தெரியாதா?

எங்கள் பக்கத்தில் கல்யாணமோ செத்தவீடோ, போய்த் தலையைக் காட்ட வேண்டும். காட்டாதவனை வருடக்கணக்காக ஞாபகம் வைத்திருப்பார்கள். கிணற்றடிக்கும் அப்படியே ஆட்கள் வந்தார்கள், கை தூக்கினார்கள், போனார்கள். ஒரு கிழமையில் நாற்பது கை. எனக்கோ தூக்காதவர்களைப் பற்றித்தான் கவலை. என்மேல் கோபமா? அத்தான்மேல் கோபமா? கொப்பியில் பெயர்களை எழுதிவைத்து ஒவ்வொருவராகப் போனில் அழைத்தேன். தேற்றாத்தீவில் மிளகாய்த் தோட்டம் செய்யும் யோகம் அண்ணனையும் விடவில்லை.

"என்ன அண்ண, நீங்க மட்டும் இன்னும் கை தூக்கல்ல. நான் என்னவும் பிழையா நடந்தனா?"

"சீச்சீ, அப்பிடி ஒண்டும் இல்ல தம்பி. போன் மகள்ட கையில. பின்னேரம் தூக்கி உடுறன்."

"மறந்திராதீங்க. அத்தானும் பாத்துட்டு இரிக்காரு."

"வீட்டில நாலு போன் இரிக்கு. நாலிலயும் தூக்கட்டா?"

"தூக்குங்க."

ஏறாவூர் ஹனீபா நானா, தான் மோட்டாரே வாங்கவில்லையே என்றார். "அதுக்கென்ன நானா, ஒருக்கா வந்து முகத்தைக் காட்டிட்டுப் போங்க" என்றேன். காட்டினார்.

மொத்தம் இருநூற்றுப் பதினான்கு கைகள். அத்தான் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் போனைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

மறுநாள் கொழும்புக் கொம்பனியிலிருந்து ஒரு பெண் போனில் பேசினார். மிகவும் மரியாதையாகப் பேசினார். அப்போதே நான் பக்கத்திலிருந்த பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"சத்தம் வருதுன்னு முறைப்பாடு போட்டது நீங்கதானே?"

"முறைப்பாடு இல்ல மிஸ். என்னை அறிமுகப்படுத்தினன்."

"முறைப்பாட்டுப் பகுதியிலதான் எழுதியிருக்கீங்க. அந்தக் கை, 'எனக்கும் இதே பிரச்சினை' என்கிற அடையாளம். உங்க பக்கத்துல இருநூற்றுப் பதினாலு பேருக்கு அதே பிரச்சினை இருக்கு."

"அவங்க சும்மா மரியாதைக்குத் தூக்கினவங்க மிஸ்."

"மரியாதைக்கா?"

"ஓம். நான்தான் கோல் எடுத்துத் தூக்கச் சொன்னன்."

உண்மையைச் சொன்னால் தப்பலாம் என்று நினைத்தேன். ஏஜென்டின் ஆளே கொம்பனிக்கு எதிராக ஆள் திரட்டியிருக்கிறார் என்று அங்கே எழுதிக்கொண்டார்கள். அந்த மோட்டாரின் விற்பனை எங்கள் பக்கத்தில் நிறுத்தப்பட்டது, தோட்டங்களுக்குத் தண்ணீர் கட்டும் காலத்தில்.

இரண்டு என்ஜினியர்கள் வந்தார்கள். முதலில் என் வீட்டு மோட்டாரைத் திறந்தார்கள். ஒரு நட்டு தளர்ந்திருந்தது. ஒருவர் அதை இறுக்கினார், சத்தம் நின்றது. மோட்டாரைப் பூட்டிப் பொருத்தியது யார் என்று கேட்டார். நான் கிணற்றைப் பார்த்தேன். பிறகு தேற்றாத்தீவுக்குப் போனார்கள். யோகம் அண்ணனின் மோட்டார் பூனைபோல ஓடிக்கொண்டிருந்தது.

"பிறகு ஏன் ஐயா நாலு தரம் கை தூக்கினீங்க?"

"தம்பி வாய் விட்டுக் கேட்டவன். ஏலா எண்டு சொல்லலாமா?"

மோட்டார் குற்றமற்றது என்று கொம்பனி அறிவித்தது. ஏஜென்சியை மட்டும் புதுப்பிக்கவில்லை. அது வேறொருவருக்குப் போனது. அத்தான் அதே கடையில் இப்போது பிளாஸ்டிக் வாளியும் கதிரையும் விற்கிறார்.

அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். வீட்டில் யாராவது கொடியில் துணி எடுக்கக் கையை உயர்த்தினாலும், "இறக்கு, இறக்கு, கொழும்பில எண்ணிருவானுகள்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், சிரிக்காமலிருக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

போன கிழமை என் மகளின் வகுப்பு மிஸ் என்னைக் கூப்பிட்டனுப்பினார். வழியெல்லாம் வேர்த்தபடி போய், பிள்ளைகளின் சின்னக் கதிரையில் உட்கார்ந்தேன்.

"பிள்ள நல்லாப் படிக்கிறாள். ஆனா விடை தெரிஞ்சாலும் கையத் தூக்கிறாளில்ல. கேட்டா, கொழும்பில எண்ணுவாங்களாம் எண்டு சொல்றாள். என்ன பிரச்சினை?"

எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தேன்.

"அது பரம்பரை நோய் மிஸ்," என்றேன்.

மிஸ் தலையாட்டிவிட்டு, மகளின் பெயர் போட்ட பைலை எடுத்து, அதை அப்படியே எழுதிக்கொண்டார்.