கவுன்சிலர் வீட்டு வாசலில் ஒரு பாக்கிப் பந்தி

ஸ்ரீரங்கத்துக்கு மாற்றலாகி வந்து, வந்தபோது தைத்த பேண்ட்டை ஒரு வருஷம் கழித்தும் போட முடிந்த மனிதர் யாராவது இருந்தால், அவர் பத்தாதக்காவின் மெஸ்ஸில் சாப்பிடாதவர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

அக்காவின் நிஜப் பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. சாப்பிடுகிறவர் "போதும்க்கா" என்று இலையைக் கையால் மறைப்பார். அக்கா ஒரு பார்வை பார்ப்பார். "பத்தாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, மறைத்த விரல்களின் இடுக்கு வழியாகவே சாம்பாரை ஊற்றுவார். அதுவே பெயராகிவிட்டது.

துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். கொள்ளிடக்கரைக்குப் போகும் சந்தில், வீட்டின் முன்னறையில் பெஞ்சு போட்டு மெஸ் நடத்தினார். போர்டு கிடையாது. பில் என்ற வஸ்துவே கிடையாது. டாக்டர் சாதத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் என்று ஒரு வங்கி அதிகாரி தயங்கித் தயங்கிச் சொன்னபோது, "அந்த டாக்டரை ஒரு நாள் கூட்டிட்டு வாங்க" என்றார் அக்கா. டாக்டர் வந்தார். மறு மாதத்திலிருந்து அவரும் மாதச் சாப்பாட்டுக்காரர்.

எனக்குக் கண்டோன்மெண்ட் பக்கம் ஆபீஸ். டவுன் பஸ்ஸில் கசங்கித் திரும்பி நேரே அக்காவிடம்தான் போய் விழுவேன். என்னை அவர் கூப்பிடுவதே "ஆபீசு" என்றுதான்.

ஒரு மழைக்காலத்தில் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தது. கரையோர வீட்டுக்காரர்களை ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் தங்கவைத்தார்கள். தண்ணீர் வடிந்தது. ஊரும் மறந்தது. சில மாதங்கள் கழித்து, யாரோ தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய எங்கள் கவுன்சிலரின் வெள்ளச் செலவுக் கணக்கு வாட்ஸப்பில் பறந்தது. படகு வாடகை கேட்டிருந்தார். சரி. படகில் ஏறப் புதுச் செருப்புக்கும் கேட்டிருந்தார். அதையும் ஜனங்கள் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் மூன்று நாளும் மூன்று வேளையும் முகாமில் வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டதாக ஒரு பில் இருந்தது. காலையிலும் பாயசம்! கொடுத்த கடையின் பெயர்: 'பத்தாதக்கா உயர்தர சைவ உணவகம்.'

தெரு கொதித்துவிட்டது. டீக்கடையில் வடையைப் பார்த்தாலே ஆட்டோக்காரர்கள் கவுன்சிலரைத் திட்டினார்கள். அந்தக் கோபம் மெஸ் வாசலுக்கும் வந்தது. முகாமில் பிள்ளைகளோடு தங்கியிருந்த பூக்கார செல்வி, கூடையை இடுப்பிலிருந்து இறக்காமலே படியில் நின்றாள்.

"மூணு நாளும் எம்புள்ளைங்க காஞ்ச பன்னுதாங்க்கா தின்னுச்சுங்க. பாயசம் எங்கக்கா போச்சு?"

"நான் போடலடி. எங்கிட்ட யாரும் கேக்கவும் இல்ல" என்றார் அக்கா.

"உங்க பேருதானே போட்டிருக்கு?"

செல்வி போய்விட்டாள். "பங்கு வராமலா பேரு வரும்?" என்று கடைசி பெஞ்சில் யாரோ முணுமுணுத்தார்கள். அன்று நான் "போதும்க்கா" என்றதும் அக்கா "பத்தாது" என்று சொல்லாமலே வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பின்னாலேயே அடுக்களைக்குப் போனேன்.

"திருடின்னு சொன்னாக்கூடப் பரவால்ல ஆபீசு. பாயசத்தை வெச்சுக்கிட்டு, புள்ளைங்களுக்கு ஊத்தாம இருந்தேன்னு நெனைச்சுட்டாளே!"

"கலெக்டருக்கு மனு போடலாம்க்கா."

"மனுவை யாரு திங்கறது? போட்டதாக் கணக்குல ஏறிடுச்சு. போட்டுட்டா சரியாப் போயிடும்ல?"

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை மெஸ் வாசலில் ஒரு சரக்கு வண்டி நின்றது. அண்டா அண்டாவாகச் சாதம், சாம்பார், கூடையில் வடை. பாயசப் பாத்திரம் சிந்திவிடக் கூடாதென்று என் மடியில் ஏற்றப்பட்டது. கவுன்சிலர் வீட்டு வாசலில் இறங்கியபோது என் வேட்டியின் முன்பக்கம் முழுக்க ஏலக்காய் வாசனை.

கவுன்சிலர் வாயில் பிரஷ்ஷோடு வெளியே வந்தார். "என்னக்கா இது?"

"நீங்க ஆர்டர் குடுத்த சாப்பாடு, தம்பி. கொஞ்சம் லேட்டாயிடுச்சு."

அவருக்கு நுரையைத் துப்புவதா விழுங்குவதா என்று தெரியவில்லை. விழுங்கிவிட்டார்.

அதற்குள் கரையோரத்து ஜனம் முழுவதும் தெருவில் வரிசையாக உட்கார்ந்துவிட்டது. முகாமுக்கே வராதவர்களும் உட்கார்ந்தார்கள். முகாமில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதைக் கவுன்சிலரே கொஞ்சம் தாராளமாகத்தான் எழுதியிருந்தார், அதனால் இடமிருந்தது. கவுன்சிலரின் ஆட்கள் இரண்டு பேர் கத்திக்கொண்டு வந்தார்கள். "வெறும் வயித்துல கத்தாதீங்கப்பா" என்று அக்கா அவர்களுக்கும் இலை போட்டார். வடை உள்ளே போனதும் கோஷம் நின்றது.

சுற்றிலும் செல்போன்கள் வீடியோ எடுப்பதைப் பார்த்ததும் கவுன்சிலருக்கு அரசியல் விழித்துக்கொண்டது. வாயைத் துடைத்துக்கொண்டு சாம்பார் வாளியைத் தானே தூக்கினார். "நல்லா சாப்பிடுங்கம்மா. மக்களுக்காக நான் என்ன வேணா செய்வேன்!"

அந்த நேரம் பார்த்து, மெஸ்ஸுக்குச் சரக்கு கொடுக்கும் மண்ணச்சநல்லூர் அரிசி மில்காரர் கும்பிட்டபடி முன்னால் வந்தார். "ரொம்ப சந்தோஷம்ண்ணே. அரிசி, பருப்பு எல்லாத்தையும் உங்க கணக்குல எழுதச் சொல்லி அக்கா சொன்னாங்க. இப்ப வாங்கிக்கவா, நாளைக்கு வரவா?"

அத்தனை செல்போன்களும் கவுன்சிலர் பக்கம் திரும்பின. கையில் வாளி, முகத்தில் எடுக்க முடியாத புன்னகை. "உள்ள வாங்க, பேசிக்கலாம்" என்றார். "இங்கயே குடுங்கண்ணே, நாங்களும் பாக்கறோம்!" என்று பந்தியே கத்தியது. அவருடைய மனைவி உள்ளே போய்ப் பர்ஸைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த அம்மாள் வாயை முந்தானையால் மூடிக்கொண்டது அவமானத்தாலா சிரிப்பாலா என்று இன்றும் எனக்குச் சந்தேகம்.

செல்வி மட்டும் எதிர்ச்சாரியில் பிள்ளைகளோடு ஒதுங்கி நின்றாள். அக்கா இலையோடு அவளிடம் போனார்.

"உக்காருடி."

"தப்பா நெனைச்சுட்டேன்க்கா..."

"அதெல்லாம் அப்பறம் அழுதுக்கலாம். சின்னவனுக்குன்னு முந்திரியாப் பாத்து எடுத்து வெச்சிருக்கேன். ஆறிடும்."

சின்னவன் குடித்தான். டம்ளரைக் கவிழ்த்துத் தட்டியும் பார்த்தான். அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு விசாரணை வந்தது. பில் பொய் என்று தெரிந்து, கவுன்சிலர் அந்தப் பணத்தைத் திருப்பிக் கட்டினார். 'எழுத்துப் பிழை' என்று விளக்கம் வேறு கொடுத்தார். விசாரிக்க வந்த அதிகாரியை அக்கா சாப்பிடாமல் பேசவிடவில்லை. சாப்பிட்ட பிறகு அவரால் பேச முடியவில்லை. அவர் கேட்க வேண்டிய கேள்விகளையும் நானே கேட்டு, பதிலையும் சொல்லி அனுப்பிவைத்தேன்.

இரண்டு வருஷம் கழித்து, முழங்கால் வலி என்று மெஸ்ஸை மூடிவிட்டு அக்கா லால்குடியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். லால்குடியில் எனக்குச் சொந்தக்காரர்களும் இல்லை, வேலையும் இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் எப்படியோ அந்த பஸ்ஸில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.