பரிசல் விட்ட அன்று வாய்க்காலில் தண்ணீர் நின்ற கதை

கஜா புயலில் எங்கள் கொல்லைத் தென்னைகள் மொத்தமும் சாய்ந்து போயின. அந்த இடத்தில் நட்ட கன்றுகளில் ஒன்று ஒரு மார்கழி மாதம் முதன்முதலாகப் பாளை விட்டது. அந்த மார்கழியில்தான் நான் ஒரு பரிசலைத் தரையில் ஓட்டினேன். (தேதி, வருஷம் எல்லாம் கேட்காதீர்கள். பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவனுக்குப் புயலும் பாளையும்தான் காலண்டர். நான் சொல்லச் சொல்ல என் மருமகள் கோமதி எழுதுகிறாள். இப்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.)

எங்கள் ஊர் தஞ்சாவூருக்கும் ஒரத்தநாட்டுக்கும் நடுவில், ஒரு கிளை வாய்க்கால் ஓரமாக இருக்கிறது. பெரிய கோயிலைப் பார்க்க உலகமே தஞ்சாவூருக்கு வருகிறது. வந்து, நந்தி முன்னால் நின்று படம் பிடித்து, மதியம் ஒரு சாப்பாடு சாப்பிட்டு, சாயங்காலம் மதுரைக்குக் கிளம்பிவிடுகிறது.

"அவங்கள ஒரு நாளாவது இங்க நிறுத்தி வைக்கணும் மாமா," என்றாள் கோமதி. "கை காலுக்கு ஏதாவது வேல குடுத்தா நிப்பாங்க."

வாய்க்கால் கரையில் சைக்கிள் ஓட்டுவது, நாற்று நடுவது, மாட்டு வண்டியில் போவது. இதற்கெல்லாம் வெளியூர்க்காரர்கள் ஆசைப்பட்டு வருவார்கள் என்று சொன்னாள். எனக்கு விளங்கவில்லை. ஆயுசு முழுக்க கேரியரில் யூரியா மூட்டையைக் கட்டிக்கொண்டு வெயிலில் சைக்கிள் மிதித்தவன் நான். அதை ஒருவரும் விளையாட்டு என்று சொன்னதில்லை.

இருந்தாலும் வீட்டில் இரண்டு அறையை ஒழித்து வெள்ளையடித்தோம். மாட்டு வண்டி என் பொறுப்பு. அதில் ஒரு சிக்கல் வந்தது. என் மாடுகள் நெல் மில்லுக்குப் போய்ப் பழகியவை. யார் ஏறினாலும் நேரே மில் வாசலில் போய்த்தான் நிற்கும். முதல் முதலாக வந்த பெங்களூர்க் குடும்பம் தவிட்டுத் தூசிக்கு நடுவே நின்று படம் பிடித்துக்கொண்டது. மில்காரர் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அதையும் நிகழ்ச்சியில் ஒன்று என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

எங்கே விட்டேன்? ஆமாம், என் பையன் முருகேசன். அவன் சிங்கப்பூரில் கப்பல் கட்டுகிற இடத்தில் வெல்டர். ஒப்பந்தம் முடியும் நேரம். புதுப்பிக்கிறானா, ஊருக்கு வருகிறானா என்று பொங்கலுக்குள் சொல்லியாக வேண்டும். கோமதியிடம் போனில் சொல்லியிருந்தான்: "ஒரு டூர் கம்பெனி ஆள் அனுப்ப ஒத்துக்கிட்டாக்கூடப் போதும் கோமு. அடுத்த பிளேன்ல வந்துர்றேன்." அதனால் இது கோமதிக்கு வியாபாரம் மட்டும் இல்லை. அவள் புருஷன் வீடு வந்து சேர வேண்டிய வழி.

அந்த மார்கழியில், சென்னையில் ஒரு டூர் கம்பெனியிலிருந்து ஒரு மேடம் வந்தார்கள். எங்கள் இடம் எப்படி என்று பார்க்க, டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு தம்பதியையும் கூட்டி வந்திருந்தார்கள். அவர்களுக்கும் எங்களைப் போலவே வயது. அவர்கள் நாட்டுக்காரர்கள் தரங்கம்பாடியில் அந்தக் காலத்தில் கட்டிய கோட்டையைப் பார்த்துவிட்டு அப்படியே தஞ்சாவூர் வந்தவர்கள். அவர்கள் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையாததால் தரங்கம்பாடி ஐயா, தரங்கம்பாடி அம்மா என்றே கூப்பிட்டோம்.

"ஐயா, தண்ணியில ஏதாவது உண்டா?" என்று மேடம் என்னைக் கேட்டார்கள். "இவங்க ஊர்ல கடல்லயே படகு விட்டுப் பழகினவங்க."

"இருக்குங்க மேடம். பரிசல் இருக்கு," என்றேன்.

கோமதி என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"நமக்கு ஏது மாமா பரிசல்?"

"திருவையாத்துக்கு அந்தாண்ட, கொள்ளிடக்கரையில என் சிநேகிதன் வச்சிருக்கான்."

"சரி. ஓட்டுறது யாரு?"

"நான்தான்."

"நீங்க ஓட்டி யாரு பாத்தா?"

"ஏம்மா, கொள்ளிடத்துல வெள்ளம் வந்தப்ப அக்கரைக்குப் போனது யாரு?"

(போனது வாஸ்தவம். ஓட்டியது வேறொருவர். நான் ஓர் ஆட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன். ஆடு என்னைவிடத் தைரியமாக இருந்தது.) சிநேகிதன் தானே வந்து ஓட்டித் தருவதாகச் சொன்னான். வேண்டாம் என்று சொன்ன புண்ணியவானும் நான்தான்.

இதற்கு முந்தின நாள் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் குறைச்சல். அதனால் முறை வைத்து விட்டார்கள். கொஞ்ச நாள் எங்கள் வாய்க்காலுக்கு, கொஞ்ச நாள் பாசனத்தின் கடைசியில் இருக்கிற கடைமடைக்கு. கடைமடையில் என் மச்சான் தங்கராசு நெல் போட்டிருந்தான். என் சம்சாரம் சரோஜாவின் கூடப் பிறந்தவன். கதிர் பால் பிடிக்கிற நேரம், வயல் வெடித்துக் கிடந்தது. விவசாயிகள் கூட்டத்தில் நான் எழுந்து மேசையைத் தட்டினேன்.

"எங்க வயலு நனஞ்சிருக்கு சார், நாங்க தாங்குவோம். வியாழக்கிழம காலையில எங்க வாய்க்கா ஷட்டர எறக்கிட்டு, தண்ணிய கடைமடைக்கு விடுங்க."

தட்டிய தட்டில் அதிகாரியின் காபி டம்ளர் கீழே விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். மச்சான் எனக்கு வடை வாங்கிக் கொடுத்தான். அந்தப் பெருமையோடுதான் மறுநாள் முழுக்கத் திரிந்துகொண்டிருந்தேன்.

"பரிசல என்னிக்கு வச்சிக்கலாம் மாமா?" என்று கோமதி கேட்டாள்.

"வியாழக்கிழம. நல்ல நாளு," என்றேன்.

நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். எனக்கு உறைக்கவில்லை. பிறந்ததிலிருந்து வாய்க்கால் தண்ணீர் என்றால் எனக்கு வயல்தான். தண்ணீர் வந்தால் நடவு, நின்றால் சண்டை. பரிசல் மிதப்பதற்கும் அதே தண்ணீர்தான் வேண்டும் என்பது என் மண்டையில் ஒரு மூலையில்கூட இல்லை.

வியாழக்கிழமை காலை குட்டி யானை வண்டியின் தலையில் கூடையைக் கவிழ்த்த மாதிரி பரிசல் வந்து இறங்கியது. ஊரே கரையில் நின்றது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினேன். மேடம் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்தார்கள். தரங்கம்பாடித் தம்பதி ஆளுக்கொரு பக்கம். கோமதி கரையிலேயே சைக்கிளில் கூட வருவதாக ஏற்பாடு.

துடுப்பைப் போட்டேன். பரிசல் சுற்றியது. மறுபக்கம் போட்டேன். மறுபக்கமாகச் சுற்றியது.

"என்ன பெரியப்பா, ராட்டினமா? டிக்கெட் எங்க வாங்கணும்?" என்று கரையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

"ஊரச் சுத்திக் காட்டுறேன்," என்றேன். ஊர் என்னைச் சுற்றிக்கொண்டிருந்தது.

தரங்கம்பாடி ஐயா மரியாதையாகத் துடுப்பை வாங்கினார். அவர் போட்டதும் பரிசல் நேராகப் போக ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் பச்சை வயல், கொக்கு, மூங்கில் நிழல். மேடம் போனை எடுத்துப் படம் பிடித்தபடி, "ரொம்ப அழகா இருக்கு ஐயா," என்றார்கள். ஏதோ வாய்க்காலை நானே வெட்டிய மாதிரி தலையாட்டினேன்.

கொஞ்ச தூரம் போனதும் அடியில் சரசர என்று சத்தம்.

"மணல் திட்டு மேடம். தாண்டிரும்."

தாண்டவில்லை. எதிரே குளிக்கிற துறையில், மார்கழியில் நான் பார்த்தே இராத கீழ்ப்படிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருந்தன. இன்னும் பலமாகத் தள்ள வேண்டும் என்றுதான் அப்போதும் நினைத்தேன். இறங்கி முட்டுக் கொடுத்துத் தள்ளினேன். பரிசல் சேற்றில் குந்தியது. எழுந்திருக்கவே இல்லை.

அப்போது ஷட்டரை ஏற்றி இறக்குகிற லஸ்கர் செந்தில் மொபெட்டில் கரையோடு வந்தான்.

"பெரியப்பா, இங்க என்ன பண்றீங்க?"

"பாத்தாத் தெரியல? பரிசல் ஓட்டுறேன்."

"தண்ணிய நிறுத்தியாச்சே."

"எவன்டா நிறுத்தச் சொன்னது?"

செந்தில் வண்டிக்கு ஸ்டாண்ட் போட்டுவிட்டு, ரொம்ப அடக்கமாகச் சொன்னான்: "நீங்கதான் பெரியப்பா. மேசையத் தட்டிச் சொன்னீங்களே, டம்ளர்கூட விழுந்துச்சே."

கோமதி சைக்கிளைப் போட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை. அந்த நேரம் பார்த்துச் சிங்கப்பூரிலிருந்து முருகேசன் கூப்பிட்டான்.

"பரிசல் எப்படிப் போவுது கோமு?"

"நின்னு நிதானமாப் போவுதுங்க," என்றாள். போனை வைத்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

நான் செந்திலைக் கெஞ்சினேன். "ஒரு அரை மணி நேரம் ஷட்டரத் தூக்கி விடேன்டா. இவங்களக் கரை சேத்துடறேன்."

"எனக்கென்ன. தங்கராசு அண்ணன் மடையத் தெறந்து வச்சிட்டு நிக்கிறாரு. அவர ஒரு வார்த்த கேட்டுக்குங்க."

மச்சானுக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மச்சான், இப்பதான் மொத வயலுக்குத் தண்ணி ஏறுது," என்றான். "நடுவுல நிறுத்துனீங்க, எங்க அக்காவ இன்னிக்கே வந்து கூட்டிட்டுப் போயிடுவேன்."

"கூட்டிட்டுப் போடா, முதல்ல ஷட்டரு," என்று நான் சொல்வதற்குள் கோமதி கரையிலிருந்து இறங்கி வந்து போனை வாங்கினாள்.

"வேணாம் சித்தப்பா, நீங்க பாய்ச்சுங்க," என்று சொல்லி வைத்துவிட்டாள். பிறகு என்னிடம், "கதிரக் காயவச்சிட்டு நாம படகு ஓட்ட வேணாம் மாமா. போனாப் போவுது," என்றாள்.

போனால் போகட்டும் என்று அவள் சொன்னது எது என்று எனக்குத் தெரியும். முருகேசன் கையெழுத்துப் போடப் போகும் அடுத்த ஒப்பந்தம். நடந்ததை ஒளிக்காமல் மேடத்திடம் சொன்னாள். தம்பதிக்கும் இங்கிலீஷில் சொன்னாள். மேடம் கைப்பையை மூடினார்கள்.

ஆனால் வாய்க்கால் நின்றுவிட்டது என்ற சேதி ஊருக்குள் போய்விட்டிருந்தது. எங்கள் பக்கம் அது போதும். தண்ணீர் வடிந்து குட்டை குட்டையாக நிற்கும்போது மீன் அத்தனையும் அதில் மாட்டிக்கொள்ளும். கூடை, குண்டான், பழைய கொசுவலை என்று கையில் கிடைத்ததோடு ஆணும் பெண்ணும் வாய்க்காலில் இறங்கிவிட்டார்கள். பரிசலைச் சுற்றித் திருவிழாக் கூட்டம்.

தரங்கம்பாடி அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிப் பரிசலுக்குள் வைத்துவிட்டு இறங்கினார். முழங்கால் வரை சேறு.

"இப்படி வாங்கம்மா, தண்ணியக் கலக்குங்க. கலக்குனா மீனு தலயத் தூக்கும்," என்று சற்றுமுன் டிக்கெட் கேட்ட பெண் செய்து காட்டினாள். மொழி தேவைப்படவில்லை. அந்தம்மா கலக்கிய கலக்கலில் ஒரு விரால் துள்ளி அவர் வீட்டுக்காரர் சட்டைக்குள் போய்விட்டது. மனிதர் பரிசலை விட்டுக் குதித்த குதியைப் பார்த்து ஊர் சிரித்தது. அவரும் சிரித்தார்.

மேடம் மட்டும் சப்பரத்தில் எழுந்தருளிய அம்மன் மாதிரி பரிசலில் தனியாக இருந்தார்கள். அடுத்த விரால் நேரே அந்தச் சப்பரத்துக்குள்ளேயே விழுந்தது. மேடம் எழுந்தார்கள், பரிசல் சாய்ந்தது, மேடம் சேற்றில் உட்கார்ந்தார்கள். இடுப்பு வரை. கோமதி கண்ணை மூடிக்கொண்டாள்.

"கால்கிட்ட ஏதோ ஓடுது. யாராவது புடிங்க," என்றார்கள் மேடம்.

"உங்க காலுகிட்ட இருக்கறத நீங்கதான் புடிக்கணும் மேடம்," என்றாள் டிக்கெட் பெண்.

மேடம் இரண்டு கையையும் சேற்றுக்குள் விட்டுத் துழாவினார்கள். நல்ல முழங்கை நீள விரால் வந்தது. வீடு வரும் வரை அதை வேறு யாரையும் தொட விடவில்லை. கைப்பையைத்தான் யாரோ தூக்கி வந்தார்கள்.

போன மானத்தை மீட்க நானும் ஒரு குட்டையில் கையை விட்டேன். கெளுத்தி முள்ளால் குத்திவிட்டது. தரங்கம்பாடி ஐயா தன் கைக்குட்டையால் கட்டுப் போட்டுவிட்டார். (அன்று அந்தக் கூட்டத்தில் கத்திய ஒரே ஆள் நான்தான். எழுது கோமதி, ஒளிக்காதே.)

மதியம் சரோஜா மாங்காய் போட்டு மீன் குழம்பு வைத்தாள். எல்லோரும் குளித்து, சரோஜாவின் சேலையையும் என் வேட்டியையும் கட்டிக்கொண்டு இலை முன்னால் உட்கார்ந்தார்கள். கோமதி பரிமாறினாள். மேடம் இரண்டாம் தடவை குழம்பு வாங்கிக்கொண்டு கேட்டார்கள்:

"அடுத்து எப்ப தண்ணிய நிறுத்துவீங்க?"

கோமதி கரண்டியை வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்ச் சிங்கப்பூருக்குப் போன் போட்டாள்.

பொங்கல் கரும்பு காய்வதற்குள் முருகேசன் வந்துவிட்டான். மச்சான் வயலும் கதிர் முற்றி அறுவடையானது. இப்போது கூட்டம் கூட்டமாக ஆள் வருகிறார்கள். தண்ணீர் ஓடும் நாளில் முருகேசன் பரிசல் ஓட்டுகிறான், நிற்கும் நாளில் ஊரோடு மீன் பிடிக்கிறார்கள். எந்த நாள் எது என்று கோமதி செந்திலைத்தான் கேட்கிறாள். என்னைக் கேட்பதே இல்லை.

வீட்டில் எனக்கு ஒரு கெட்ட பெயர் நிலைத்துவிட்டது. குழாயில் தண்ணீர் நின்றால் போதும், பாத்திரமும் கையுமாகச் சரோஜா அங்கிருந்தே குரல் கொடுப்பாள்: "ஏங்க, இன்னிக்கு யாருக்காக மேசையத் தட்டுனீங்க?" மோட்டார் ரிப்பேர் ஆனாலும் நான்தான். கோடையில் கிணறு வற்றினாலும் நான்தான். போன வாரம் தங்கராசு வீட்டுக் கல்யாணத்தில் கை கழுவுகிற இடத்தில் தண்ணீர் வரவில்லை. பந்தி மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது.

பார்க்கட்டும். உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது தஞ்சாவூர் பார்க்கக் கிளம்பினால், கோயிலைப் பார்த்த கையோடு ஓடிவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு நாள் தங்கி எங்கள் வாய்க்காலில் இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்களும் நாலு பேருக்குச் சொல்லட்டும். மாற்றுத் துணி மட்டும் மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள். என்னிடம் இருப்பது இரண்டே நல்ல வேட்டி.