துண்டுக்குள் ஓ.டி.பி.

கொச்சியில் உட்கார்ந்து ஊரார் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் காவல் நிற்கும் அக்காள் மகள் செல்வப்பிரியாவுக்கு, முதலமடையின் முடிசூடா மன்னனும் மாங்காய்த் தரகனுமாகிய உன் மாமன் ஆறுச்சாமி எழுதுவது. இங்கே நான், உன் அத்தை, மாமரங்கள் எல்லோரும் சுகம். இனி நான் சொல்லப்போவதை ஒருத்தரும் நம்பமாட்டார்கள் என்று சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறேன்.

என் பொறுப்பிலுள்ள நம் மாந்தோட்டக்காரர் சங்கத்துக் கம்ப்யூட்டரில் தோட்டக்காரர்கள் அத்தனை பேருடைய ஆதாரும் பாங்குக் கணக்கும் இருக்கின்றன. அவை களவு போனால் உன் மாமன் மண்டியில் தலைகாட்ட முடியாது. ஆகவே அதன் பாஸ்வேர்டை நீளமாக்கினேன். பங்கனப்பள்ளி, செந்தூரம், அல்போன்சா என்று போகும் அதை, மரம் பூக்கையில் தட்டத் தொடங்கினால் காய் பழுக்கையில் முடிக்கலாம். கேள்விப்பட்ட பன்னாட்டுத் திருடர்கள் தொழிலை விட்டுவிட்டு வாளையாரில் லாரி ஓட்டப் போய்விட்டார்கள். மிஞ்சிய ஒருவன் நேற்று போனில் வந்தான்.

"சார், ஹெட் ஆபீஸ்ல இருந்து பேசறோம். உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் புகுந்திருக்கு."

"ஏனுங்க, மாம்பூவுல வர்ற தத்துப்பூச்சி மாதிரியுங்களா? மருந்தடிச்சாப் போயிருமுங்களா?"

"உங்க போனுக்கு ஆறு நம்பர் வந்திருக்கும். சொல்லுங்க, நாங்களே எடுத்துடறோம்."

பார்த்தேன், நம்பர் வந்திருந்தது. தோள் துண்டை உருவிப் போனின்மேல் போர்த்தினேன். மாங்காய் பேரத்தில் விலையை வாயாலா சொல்வோம்? துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்தல்லவா சொல்வோம்!

"சார்? ஹலோ? வாயால சொல்லுங்க சார்!"

"வாயால சொன்னாப் பக்கத்துத் தரகனுக்குக் கேட்டுப்போகுமுங்க. கையை உடுங்க."

உன் அத்தை மாரீஸ்வரி எட்டிப்பார்த்து, "ஏனுங்க, ஊட்டுக்குள்ள ஆருகூடப் பேரம்?" என்றாள். நான் துண்டை இன்னும் இழுத்து மூடினேன். திருடன் கதறினான், தன்னைச் சீடனாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அழுதான், கடைசியில் நடுங்கிப்போய் லைனைத் துண்டித்தான். உன் கம்பெனியில் இந்த வித்தையைப் பாடமாக வைக்கலாம். எனக்கு மாலையெல்லாம் வேண்டாம். பெரிய மாலையாக இருந்தால் மறுக்கமாட்டேன்.

பூச்சிபொட்டு அண்டாமல் நீயும் உன் வேலையும் தழைக்க வாழ்த்தும்,
மாமன் ஆறுச்சாமி

பி.கு.: அம்மிணி, பாஸ்வேர்டின் நீளம் புளுகு. திருடர்கள் லாரி ஓட்டப் போனதும், அவன் அழுததும் புளுகு. என் சாமர்த்தியம்தான் பெரும் புளுகு. அவன் கேட்டதும் நம்பரைச் சொல்லத்தான் போனேன். பழக்கதோஷத்தில் துண்டைப் போர்த்தி, ஒவ்வொரு நம்பரையும் விரலால் போனை அழுத்தி அழுத்திச் சொன்னேன். அந்த அழுத்தலில் சிவப்புப் பொத்தானும் அமுங்கித்தான் லைன் போனது. அவனுக்குப் பேரம் படியவில்லை, ஊர்ச் சொத்து பிழைத்தது. வாயால் மட்டும் ஒரு நம்பரும் சொல்லவில்லை. அது ஒன்றுதான் நிஜம்.