பெண் பார்க்க வந்தவர்களின் நாக்கு விறைத்த விதம்

அன்புள்ள தம்பி கணபதி அறிவது,

பரந்தனிலிருந்து அண்ணன் செல்வநாயகம். உன் வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும் என்று முதலில் வேண்டிக்கொள்கிறேன். திட்டுவது அதற்குப் பிறகு.

மெல்பேர்னிலிருந்து ஆள்வசம் ஒரு பழுப்பு மா கொடுத்துவிட்டாயே, பீஜித் தீவுக்காரன் தந்தது, குடித்தால் மனம் ஆறும் என்று, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். போன ஞாயிறு நெளுக்குளத்திலிருந்து மகள் யதுர்ஷிகாவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பிரசாந்தன் பல் வைத்தியர். தாய் இராசேஸ்வரி அம்மா கதிரையில் இருக்க முதலே தன் முழங்கால் நோவைத் தொடங்கிவிட்டார். நானும் விட்டேனா, நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பத்தைந்து வருடம் வாய்க்கால் பார்த்த கதையை எடுத்தேன். பிள்ளைகள் இரண்டும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. முன்பு வந்த மூன்று சம்பந்தங்களும் இப்படிப் பெரியவர்கள் கதைத்தே கலைந்தவை. இவளுக்கும் முப்பத்தொரு வயது. அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணிக்குப் பதிலாக உன் மாவைக் கரைத்துக் கொடுத்திருக்கிறாள் உன் அண்ணி கமலாசனி. தான் இல்லை என்கிறாள். கண்ணாடி போடாமல் அவள் செய்யும் வேலைகளை நீ அறிவாய்.

சேற்றுத் தண்ணீர் போல இருந்தது. மரியாதைக்குக் குடித்தோம். ஒரு நிமிடத்தில் என் நாக்கு எனக்குச் சொந்தமில்லாமல் போனது. இராசேஸ்வரி அம்மா "கய்யாணம்" என்று சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்தார். எனக்குப் பாரிசவாதம்தான் என்று முடிவெடுத்து, ஆட்டோவைக் கூப்பிடு என்று கத்தினேன். அது ஆட்டைக் கூப்பிடு என்று வெளியே வர, உன் அண்ணி பட்டிப் பக்கம் ஓடினாள்.

பிரசாந்தனின் நாக்குக்கு மட்டும் பெரிதாக ஒன்றுமில்லை. தொழில் பழக்கமாக்கும் என்று நினைத்தேன். பக்கற்றை வாங்கிப் பார்த்தவர், "பயப்பிடாதேங்கோ அங்கிள், இது காவா எண்ட வேர். நரம்பிலை செய்தி ஓடுறதுக்குச் சின்ன வாசல்கள் திறந்து, உப்புச் சத்து உள்ளுக்குப் போகோணும். இது அந்த வாசலை அடைக்குது. பல்லுப் பிடுங்க நாங்கள் போடுற ஊசியும் உதைத்தான் செய்யுது. அந்தக் காலத்திலை டொக்டர்மார் அதுக்குக் கொக்கெயின்தான் பாவிச்சவை" என்றார். கொக்கெயின் என்றதும் நான் படலையைப் பார்த்தேன், பொலிஸ் வருகிறதா என்று.

அப்போதுதான் யதுர்ஷிகா தலை நிமிர்ந்தாள். "அப்ப ஏன் வாய் மட்டும்? கை விறைக்கேல்லையே."

"பட்ட இடத்திலைதான் அது செறிவா நிக்கும். ரத்தத்திலை கலந்தால் ஐதாப் போயிடும். மூளைக்குப் போய்ச் செய்யிறது வேறை வேலை."

அதிலிருந்து இருபது நிமிடம் அவர்கள் இருவரும் கதைத்தார்கள். நாங்கள் எச்சில் வடியாமல் காப்பதிலேயே கவனமாக இருந்தோம். எங்கள் நாக்குகள் திரும்பி வந்தபோது இரண்டு பேரும் சம்மதம் சொல்லி முடித்திருந்தார்கள். அடுத்த மாதம் கலியாண எழுத்து.

ஆனாலும் என் கோபம் ஆறவில்லை. வந்தவர்களில் ஒரு இருதய நோயாளி இருந்திருந்தால் என்ன கதி? இனி இப்படியான சாமான் எதையும் இந்த வீட்டுக்கு அனுப்பாதே. உனக்கும் பெண்சாதி பிள்ளைகளுக்கும் பிள்ளையார் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
அண்ணன் செல்வநாயகம்

பி.கு.: கடிதத்தை ஒட்ட முதல் யதுர்ஷிகாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். "அம்மாவை ஏன் பேசுறியள்? கரைச்சது நான்தான்" என்கிறாள். தரகர் கொடுத்த நம்பருக்கு முதல்நாளே போன் எடுத்து, இந்த மா என்ன செய்யும் என்று மாப்பிள்ளையிடம் கேட்டாளாம். அளவும் அவர்தான் சொன்னாராம்: பெரியவர்களுக்கு மூன்று கரண்டி, தனக்கு அரைக் கரண்டி.