சார்ஜர் அவர்கள்

மனுஷனாகப் பிறந்தவன் எதையாவது ஒன்றைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவான். சிலர் பெற்ற பிள்ளையை, சிலர் கட்சித் தலைவரை. நான் ஆடியது ஒரு பேட்டரி வண்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு. (பிற்பாடு நிஜமாகவே தூக்க வேண்டி வந்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.)

இரண்டாயிரத்து எட்டு கார்த்திகையில் அதை வாங்கினேன். லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம் என்று கடைக்காரர் சொல்லச் சொல்ல எனக்கு உடம்பு சிலிர்த்தது. கீழ்பென்னாத்தூரில் அப்போது அப்படி ஒரு வண்டி வைத்திருந்தவன் நான் ஒருத்தன்தான். சத்தமே வராது. கடைத்தெருவில் யார் பின்னாலாவது போய் நின்று ஹாரன் அடித்தால் ஆள் பதறி ஓரமாக ஒதுங்குவார். அதைப் பார்க்கிற சந்தோஷத்துக்காகவே நாளைக்கு நாலு தடவை கடைத்தெருவுக்குப் போனேன்.

அந்த வண்டிக்கு இரண்டு பெடல்கள் கொடுத்திருந்தார்கள். அவசரத்துக்கு மிதிக்கலாமாம். மோட்டார் வண்டியில் பெடல் இருப்பது கௌரவக் குறைச்சல் என்று முதல் வாரமே கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன்.

ஒரு வருஷத்தில் எல்லாப் பருவத்தையும் அதோடு பார்த்தேன். மார்கழிப் பனியில் பேட்டரி சோம்பிப்போகிறது என்று அப்பாவின் கம்பளியை எடுத்து வண்டிக்குப் போர்த்தினேன். (அப்பா வேட்டியைப் போர்த்திக்கொண்டு தை பிறக்கும்வரை இருமினார்.) சித்திரை வெயிலில் சீட்டுக்கு அடியில் கை வைக்க முடியாது. புளியமரத்தடியில் நிறுத்தி, சீட்டின் மேல் ஈரச் சாக்கைப் போட்டு, நானும் பக்கத்தில் உட்கார்ந்து விசிறுவேன். ஆடி மாசத்து எதிர்க்காற்றில் ஆக்சிலேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் நடந்து போகிறவரோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே போகலாம். திரும்பி வரும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும், அந்த வேகத்தை மட்டும் எல்லாரிடமும் சொல்லுவேன். மழைக்கு, உரச் சாக்கின் உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் பையை வெட்டி நானே அதற்கு ஒரு சட்டை தைத்தேன். அதுவரை எந்தப் பருவத்திலும் அது என்னை நடுவழியில் விட்டதில்லை. இதை இப்போதும் கொஞ்சம் பெருமையோடுதான் எழுதுகிறேன்.

வண்டியோடு ஒரு சின்னப் புத்தகம் வந்தது. எந்த தேசத்தில் யார் தமிழ்ப்படுத்தினாரோ தெரியாது, அவ்வளவு மரியாதையான தமிழை அதற்கு முன் நான் படித்ததில்லை. "சார்ஜர் அவர்களை எப்பொழுதும் கூடவே அழைத்துச் செல்லவும்" என்று ஒரு வரி. நான் அதைச் சிரிக்காமல் படித்தவன். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டினேன். சார்ஜரைத் தரையில் வைப்பதில்லை, கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். இவ்வளவு செய்தவன் அந்த வரி என்னதான் சொல்கிறது என்று மட்டும் யோசிக்கவில்லை.

இனி என் அக்கா தேவகி. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஒன்பது வருஷம் அடுத்தவருக்காக நின்றுகொண்டே வேலை பார்த்தவள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பட்டா என்று இந்த மாவட்டத்தில் பாதிப் பேரின் காகிதம் அவள் கை வழியாகப் போயிருக்கும். அதே ரோட்டில் சொந்தமாக ஒரு கடை போட வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. தேடித் தேடி ஒரு இடம் கிடைத்தது. கடை ஓனர் ரிட்டயரான ஹெட் கிளார்க். நேரம் காலம் பார்ப்பதில் பஞ்சாங்கமே அவரிடம் சந்தேகம் கேட்கும்.

"விஜயதசமி திங்கட்கிழமைல வருது. ஏழரைலேர்ந்து ஒம்பது ராகு காலம், பத்தரைக்கு எமகண்டம். நடுவுல வெளக்கேத்திடுங்க. தவறிட்டா எனக்கு மனசு ஒப்பாதும்மா. செருப்புக் கடை போட ஒருத்தர் வந்து கேட்டுக்கினே இருக்காரு" என்று சொல்லிவிட்டார்.

"ஒம்பதுக்கே வந்துடறேங்க" என்றாள் அக்கா.

முந்தின சனிக்கிழமை அக்காவின் ஜெராக்ஸ் மெஷினை வேனில் ஏற்றி அனுப்பினோம். பின்னாலேயே நான் என் வண்டியில் காவல் போனேன், திரும்பினேன், மறந்த வயருக்காக மறுபடியும் பாதி தூரம் போய் வந்தேன். வண்டி களைத்துப்போய் வீடு சேர்ந்தது. காலையில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆயுத பூஜை. அம்மா அரிவாள்மணை, கடப்பாறை, அப்பாவின் திருப்புளி, அக்காவின் கத்தரிக்கோல் எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்தாள். "உன்னுது இன்னாடா?" என்று கேட்டாள். எனக்கென்று ஒரு ஆயுதம் வேண்டாமா? குளித்துவிட்டு வந்து, சார்ஜர் அவர்களை இரு கைகளிலும் ஏந்தி, சரஸ்வதி படத்துக்கு முன்னால் என் டிப்ளமோ சர்டிபிகேட்டின் மேல் எழுந்தருளப் பண்ணினேன். அம்மாவுக்குப் பூரிப்பு. மூன்று முனை பிளக்குக்கு மூன்று பொட்டு வைத்தாள்.

பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடியாமல் எடுக்கக்கூடாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் புத்தகத்தை வைத்துவிட்டு இதைச் சொல்லித்தான் விளையாடப் போகும். எனக்கு இது ஞாபகம் வந்தது திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு.

"அம்மா, சார்ஜரை எடுத்துக்கட்டா?"

"ராகு காலம் போயி, ஒம்பது மணிக்கு மேலதான் மறுபூஜை. கைய வெச்சே, தெரியும்."

சாவியைப் போட்டுப் பார்த்தேன். சார்ஜ் காட்டுகிற நாலு பச்சை விளக்கும் எரிந்தன. ஒரு நாள் ஓய்வெடுத்ததில் தானாகவே தெம்பு வந்துவிட்டது, என்ன வண்டி இது என்று நெஞ்சு விம்மியது. (ஓய்வெடுத்த பேட்டரி சும்மா நின்றால் அப்படித்தான் காட்டும், ஆள் ஏறினால் உண்மை தெரியும் என்று பிறகு ஒரு மெக்கானிக் சொன்னார். அந்தப் புத்தகத்தில்கூட இருந்ததாம்.)

ராகு காலத்துக்கு முன்னால் வாசல் தாண்ட வேண்டும் என்று ஏழு இருபத்தைந்துக்கு அக்காவும் நானும் கிளம்பினோம். அப்பாவும் அம்மாவும் மத்தியானம் சாப்பாட்டோடு வருவதாக ஏற்பாடு. அக்கா மடியில் கண்ணாடி போட்ட பிள்ளையார் படம். தோளில் ஒரு பை, அதில் விளக்கு, கற்பூரம், எலுமிச்சம்பழம். என் காலடியில் ஒரு பெரிய பூசணிக்காய், சந்தையில் பத்துப் பதினைந்தைத் தட்டிப் பார்த்து அக்காவே பொறுக்கியது. தூறல் போட்டுக்கொண்டிருந்தது.

கொஞ்ச தூரத்தில் பின்னாலிருந்து வாழைக்கன்று கட்டிய பஸ் ஒன்று வந்தது. "டேய் பாபு, பஸ்ல போயிடறேன்டா, காலியா வருது" என்றாள் அக்கா.

"எதுக்குக்கா? நம்ம வண்டி இருக்கும்போது."

இந்த வாக்கியத்தை எங்கள் வீட்டில் இன்றைக்கும் என் குரலில் பேசிக் காட்டுவார்கள்.

பஸ் போய்க் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் நாலு விளக்கு இரண்டானது. மழை வலுத்தது. எதிர்க்காற்று வேறு. பிறகு ஒற்றை விளக்கு. பால் கேன் கட்டிய சைக்கிள்காரர் ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார், போகிறபோது திரும்பிப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இன்னாடா இது?"

"சிக்கனமா ஓட்டறேங்க்கா."

அந்தச் சிக்கனமும் பாதி வழியில் தீர்ந்தது. வண்டி வழக்கம்போலச் சத்தமில்லாமல் நின்றது. மணி எட்டு பத்து. ஒரு பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லை, இன்னொரு பக்கம் ஒரு ஓட்டு வீடு, மழை மறைப்பில் தூரத்தில் மலை.

"பெடல் எங்கடா?"

"பரண்ல இருக்குது."

"சார்ஜர்?"

"பூஜையில."

"உன் மூளை?"

வீட்டுக்கு செல்போன் போட்டேன். அம்மா எடுத்து, "பத்திரமா இருக்குடா, இப்பதான் பூ வெச்சேன்" என்றாள்.

எட்டரைக்கு ஒரு பஸ் வந்தது. படிக்கட்டில் ஆள் தொங்க, மழையில் நிற்காமலே போய்விட்டது. லீவு நாள், அடுத்தது எப்போதோ. ஆட்டோ ஒன்றும் கண்ணில் படவில்லை. அக்கா கையைக் கட்டிக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டியிருந்தால் தேவலை. ஒன்பது வருஷம் நின்ற கால்கள், இன்றைக்கும் என்னால் நடுரோட்டில் நிற்கின்றன என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. (மழையில் நனைந்ததில் ஒரே லாபம், அது தெரியவில்லை.)

திடீரென்று அக்கா எதிரிலிருந்த ஓட்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். வாசலில் டிரெய்லரோடு ஒரு டிராக்டர், உடம்பெல்லாம் சந்தனப் பொட்டு, முன்னால் இரண்டு வாழைக்கன்று. சொந்தக்காரர் பெயர் முனுசாமி. அக்கா விஷயத்தைச் சொன்னாள்.

"கொண்டாந்து உட்றதுல ஒண்ணும் இல்லம்மா. ஆனா பூஜைல நிக்கற வண்டி. மறுபூஜை பண்ணாம சாவியத் தொட மாட்டேன்" என்றார் அவர்.

"ஒம்பது மணிக்குப் பண்ணிடலாங்களே."

"எங்க, பூசணிக்கா வாங்கத்தான் எங்க ஊட்ல போயிருக்குது. வர்றதுக்குப் பத்துக்கு மேல ஆவும்."

அக்கா திரும்பி, ரோட்டோரம் என் வண்டியில் இருந்த பூசணிக்காயைப் பார்த்தாள். ஒரு நொடிதான் யோசித்தாள். "டேய், அதை எடுத்தாடா" என்றாள்.

"அப்ப கடைக்குக்கா?"

"மொதல்ல கடைக்குப் போய்ச் சேரணும்."

மழையும் விட, சரியாக ஒன்பதுக்கு என் அக்கா, முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு வாசலில், முன்பின் தெரியாத டிராக்டருக்கு மறுபூஜை செய்தாள். தன் கடைக்கு வைத்திருந்த கற்பூரத்தை ஏற்றினாள். தன் எலுமிச்சம்பழங்களைச் சக்கரத்துக்கு அடியில் வைத்தாள். பார்த்துப் பார்த்து வாங்கிய பூசணிக்காயை முனுசாமி கையில் கொடுத்து, "நல்லா சுத்தி ஒடைங்கண்ணா" என்றாள். முகத்தில் ஒரு துளி பதற்றம் இல்லை. அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் ரோட்டில் உட்கார்ந்து விதியை நொந்திருப்பேன். அவளைப் போல ஒரு ஆளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

முனுசாமியும் நானும் என் வண்டியைத் தூக்கி டிரெய்லரில் ஏற்றினோம். அந்த பேட்டரியின் கனம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "உள்ள இன்னா தம்பி, கருங்கல்லா?" என்று கேட்டார் அவர். அக்கா டிரெய்லரில் பிள்ளையாரை அணைத்துக்கொண்டு நின்றாள். நான் என் வண்டியைச் சாயாமல் அணைத்துக்கொண்டு நின்றேன். டிராக்டர் பாட்டுப் போட்டுக்கொண்டு டவுனுக்குள் நுழைந்தபோது, ஏதோ சாமி புறப்பாடு என்று இரண்டு பேர் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டார்கள்.

வேங்கிக்கால் சேர்ந்தபோது பத்து இருபது. கடை வாசலில் ஓனர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். பக்கத்தில் ஒரு ஆள், செருப்புக் கடைக்காரராகத்தான் இருக்க வேண்டும், கண்ணாலேயே சுவரை அளந்துகொண்டிருந்தார். அக்கா டிரெய்லரிலிருந்து குதித்து, நேராக உள்ளே போய் விளக்கை ஏற்றினாள். பத்து இருபத்து மூன்று.

ஓனர் மூச்சு விட்டார். பிறகு, "திருஷ்டிக்குப் பூசணிக்கா எங்கம்மா?" என்றார்.

"வழியில டிராக்டருக்கு ஒடச்சுட்டங்க."

"அப்ப கடைக்கு?"

அக்கா என்னைக் காட்டினாள். தலை முதல் கால் வரை சேறு, நெற்றியில் டிராக்டர் குங்குமம். "இவனையே சுத்திடுங்க சார். இன்னிக்கு வந்த கெட்டதெல்லாம் இவன் கூடத்தான் வந்துது."

அந்த மனிதர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். மிச்சமிருந்த கற்பூரத்தைக் கொளுத்தி, கடையையும் என்னையும் சேர்த்து நிஜமாகவே மூன்று சுற்றுச் சுற்றினார். உடைக்காமல் விட்டதற்கு அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

"மொதல் காப்பி மங்களகரமா இருக்கட்டும்மா" என்றார் ஓனர். அக்கா என் வண்டியின் சீட்டைத் திறந்து அந்தச் சின்னப் புத்தகத்தை எடுத்தாள். அந்த மரியாதையான வரி இருக்கிற பக்கத்தைப் புரட்டினாள். மேலே பேனாவால் ஒரு பிள்ளையார் சுழி போட்டு, மெஷினில் கவிழ்த்துப் பெரிதாக்கி அழுத்தினாள். பச்சை வெளிச்சம் ஒரு முறை ஓடியது. அவளுடைய சொந்தக் கடையின் முதல் காகிதம் சூடாக வெளியே வந்தது. அதைக் கையில் வாங்கியபோதுதான் அவள் கண் கலங்கியது. பிறகு லேமினேட் பண்ணிச் சுவரில் ஒட்டிவிட்டாள்.

இன்றைக்கு அந்தக் கடையில் நாலு மெஷின் ஓடுகிறது. அந்தக் காகிதம் மஞ்சள் பூத்து அங்கேயே இருக்கிறது. பட்டா நகல் எடுக்க வருகிறவர்கள் வரிசையில் நின்று, "சார்ஜர் அவர்களை எப்பொழுதும் கூடவே அழைத்துச் செல்லவும்" என்று வாய்விட்டுப் படித்து, இது யார் சொன்னது என்று கேட்கிறார்கள். அக்கா என்னைத்தான் கைகாட்டுவாள்.

என் கல்யாணப் பத்திரிகையையும் அவள் கடையில்தான் டைப் செய்தோம். பிழை பார்க்க எனக்கு ஒரு நகல் அனுப்பியிருந்தாள். பெயர், முகூர்த்தம், மண்டபம் எல்லாம் சரியாக இருந்தது. அவசரத்தில் கடைசி வரியைப் பார்க்காமல் சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அச்சாகி, ஊரெல்லாம் கொடுத்த பிறகு என் மாமனார்தான் போன் செய்து கேட்டார்:

"மாப்ள, சுற்றமும் நட்பும் புரியுது. யாருங்க அந்த சார்ஜர் அவர்கள்? அவருக்கு ரூம் போடணுங்களா?"